நாலாவது மாடிக் கூட்டத்துக்குப் போய்ச் சேர்ந்த விதம்

மரியாதைக்குரிய பெரிய மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன், லிஃப்ட் மெக்கானிக், கைகூப்பி எழுதிக்கொள்வது. நான் இங்கு சௌக்கியம். உங்கள் வீட்டில் எல்லோரும், மூன்று மாதமாக அங்கேயே இருக்கும் என் மனைவியும், சௌக்கியமாக இருக்க வேண்டும் என்பதே என் ஆசை.

குடியை விட்டவர்கள் கூடும் கூட்டத்துக்குப் பதின்மூன்று செவ்வாய்க்கிழமை தவறாமல் போனால் தங்கையைத் திருப்பி அனுப்புவதாக வாசலில் நின்று சொன்னீர்கள். நேற்றோடு பதின்மூன்று முடிந்தது. பெட்டியைக் கட்டச் சொல்லுங்கள்.

ஆனால் மச்சான், அந்தக் கூட்டத்தைக் கண்டுபிடிப்பதற்குள் நான் பட்ட பாடு கொஞ்சமில்லை. நீங்கள் கொடுத்த துண்டுச்சீட்டில் தெருவும் நாலாவது மாடியும்தான் இருந்தன. கட்டிடத்தில் போர்டு கிடையாது. கீழே இருந்த வாட்ச்மேனிடம், மேலே என்ன நடக்கிறது என்று பட்டும் படாமலும் விசாரித்தேன். அவருக்குக் காது மந்தம், அதனால் குரல் அதிகம். "குடியை விட்டவங்க கூட்டம். நீங்களும் அதுக்குத்தானா?" என்று தெருமுனை வரைக்கும் கேட்கும்படி கேட்டார். தபால் பெட்டியைத் திறந்துகொண்டிருந்த ஒரு அம்மாள் வேறு திரும்பிப் பார்த்தார். என் வாயில் சனி, லிஃப்ட் பார்க்க வந்தேன் என்று சொல்லிவிட்டேன்.

அந்த லிஃப்ட் எட்டு மாதமாக ஓடவில்லை என்பது எனக்கு எப்படித் தெரியும்? வாட்ச்மேன் என் கையைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறையாக மெஷின் ரூம் சாவியைக் கொடுத்தார். கதவு காண்டாக்ட் கருகியிருந்தது, பிரேக் தேய்ந்திருந்தது. ஒரு நாளில் முடிகிற வேலைதான், ஆனால் முடிந்துவிட்டால் கூட்டத்துக்குப் போக வேண்டுமே, அதனால் நாலு செவ்வாய் இழுத்தேன். கூட்டம் கலைந்து படியிறங்கியவர்கள் எல்லோரும் எனக்கு நன்றி சொல்லிவிட்டுப் போனார்கள். இந்த நாலும் வருகைதான் மச்சான். அதே கட்டிடம், அதே நேரம். சொல்லப்போனால் மெஷின் ரூம் மொட்டை மாடியில் இருக்கிறது. அவர்களைவிட நான் ஒரு மாடி அதிகமாகவே ஏறியிருக்கிறேன்.

ஐந்தாவது செவ்வாய் லிஃப்டை ஓடவிட்டேன். முதல் சவாரிக்கு நானும் வந்தே ஆக வேண்டும் என்று கூட்டத்துக்கு வந்த ஆறு பேர் என்னை உள்ளே இழுத்துக்கொண்டார்கள். ஆறு பேருக்கான லிஃப்டில் ஏழு பேர். இரண்டாவது மாடிக்கும் மூன்றாவதுக்கும் நடுவில் நின்றுவிட்டது. அதில் ஒரு பஸ் டிரைவர், சுவரில் ஒட்டியிருந்த அவசர எண்ணைப் பார்த்து போன் போட்டார். மணி என் சட்டைப் பையில் அடித்தது. அந்த எண்ணை ஒட்டியவனே நான்தானே. என்ன செய்வதென்று தெரியாமல் எடுத்து ஹலோ என்றேன். டிரைவரும் விடாமல், ஏழு பேர் மாட்டிக்கொண்டிருக்கிறோம், சீக்கிரம் வாருங்கள் என்று என் முகத்தைப் பார்த்தபடியே சொல்லி முடித்தார். மெஷின் ரூமில் யாராவது கைச்சக்கரத்தைச் சுற்றினால்தான் லிஃப்ட் நகரும். வாட்ச்மேனுக்குப் போட்டோம். அவர் காதுக்கு மணி எட்டவில்லை.

அந்த ஆறு பேரில் கூட்டத்தை நடத்துகிறவரும் ஒருவர், ரிட்டயர்டு தலைமையாசிரியை. கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "மெக்கானிக் வந்தாச்சு, மணியும் ஆறாச்சு. ஆரம்பிக்கலாம்" என்றார்.

அவர்களுக்கு ஒரு வழக்கம். ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கே பேசக் கூடாது, பேசி முடித்த பிறகும் புத்தி சொல்லக் கூடாது. நம் குடும்பத்தில் நடக்கிற காரியமா? டிரைவர், சரக்கைத் தண்ணீர் பாட்டிலில் ஊற்றி சீட்டுக்கடியில் வைத்திருந்த கதையைச் சொன்னார். ஒவ்வொருவராகப் பேசி என் முறை வந்தது. இறங்கி ஓடவும் வழியில்லை.

"நான் லிஃப்ட் மெக்கானிக். குடிகாரன். நான் வேலை பாக்கற ஒவ்வொரு லிஃப்டுக்கும் அடியில, குழிக்குள்ள, ஒரு பாட்டில் வெச்சிருக்கேன்."

யாரும் உச்சுக்கொட்டவில்லை. தலைமையாசிரியை மட்டும் தன் விதியைத் தானே மீறி, "இந்த லிஃப்டுக்குமா?" என்றார். ஆமாம் என்றேன். எல்லோரும் சிரித்த சிரிப்பில் பெட்டியே ஆடியது. எனக்கு அழுகையும் சேர்ந்து வந்தது. திரும்பி நிற்கக்கூட இடமில்லாததால் அப்படியே அழுதேன். அந்தச் சத்தம் வாட்ச்மேன் காதுக்கே எட்டியிருக்கிறது, ஓடி வந்தார். நான் உள்ளேயிருந்து கத்திக் கத்திச் சொல்ல, அவர் மேலே போய்ச் சக்கரத்தைச் சுற்றி எங்களை இரண்டாவது மாடிக்கு இறக்கினார். குழியிலிருந்த பாட்டிலை அன்றைக்கே சாக்கடையில் கவிழ்த்தேன். டார்ச் அடித்தவர் டிரைவர். மற்ற லிஃப்டுகளுக்கும் அவரே தன் லீவு நாளில் என்னோடு வந்தார்.

அதற்குப் பிறகு ஒரு செவ்வாயும் விட்டதில்லை. இப்போது நாற்காலி போடுவது என் பொறுப்பு. காலையில் கை நடுங்காமல் ஷேவ் செய்துகொள்கிறேன். சந்தோஷமாக இருக்கிறேன் என்று உங்களுக்கு எழுதக் கூச்சமாக இருக்கிறது, இருந்தாலும் எழுதிவிட்டேன்.

பெரியவர்களுக்கு என் வணக்கம், சின்னவர்களுக்கு என் ஆசி. உங்கள் தங்கைக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை, நீங்களே பார்த்து நல்லதாக ஏதாவது சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வீட்டு மாப்பிள்ளை

பி.கு.: கவரை ஒட்டப் போனேன், மனசு ஒப்பவில்லை. முதல் நாலு செவ்வாயைக் கழித்துவிடுங்கள். அந்த நாலு நாளும் மெஷின் ரூமைப் பூட்டிவிட்டு நேரே கடைக்குத்தான் போனேன். ஆக, ஒன்பதுதான் ஆகியிருக்கிறது. பெட்டியைக் கட்ட வேண்டாம். இன்னும் நாலு வாரம் போகட்டும். அதற்கப்புறம் அவளுக்கு வரத் தோன்றினால் வரட்டும், தோன்றாவிட்டால் நீங்கள் வற்புறுத்தாதீர்கள். அவள் வந்தாலும் வராவிட்டாலும் செவ்வாய்க்கிழமை ஆறு மணிக்கு நான் கூட்டத்தில்தான் இருப்பேன்.