ஜில்லுவுக்கு முடி வெட்டிய கதை

வீடியோ பார்த்தால் எந்த வேலையையும் செய்துவிடலாம் என்று நம்பும் ஆண்களில் நானும் ஒருவன். குழாய் ரிப்பேர், மிக்ஸி ரிப்பேர், புரோட்டா வீசுவது என்று பலவற்றை வீடியோ பார்த்தே கெடுத்திருக்கிறேன். ஆனால் குழாயும் மிக்ஸியும் இருந்த இடத்திலேயே இருக்கும். நாய் இருக்காது. இதை எந்த வீடியோவிலும் யாரும் சொல்லவில்லை.

கல்யாணமான கையோடு எனக்குக் கொல்லிமலைக்கு மாற்றல் வந்தது. வளப்பூர் நாட்டில் (அங்கே ஊர்க்கூட்டத்துக்கு நாடு என்று பேர்), பொன்னுசாமி அண்ணன் வீட்டை ஒட்டியே அவருடைய இன்னொரு வீடு வாடகைக்குக் கிடைத்தது. ராசிபுரம் கடைவீதியில் பிறந்து வளர்ந்த என் மனைவி சுகன்யாவுக்கு மலைக் குளிர் பிடிக்கவில்லை. நான் ஆபீஸ் போனபிறகு பேச ஆளில்லாதது சுத்தமாகப் பிடிக்கவில்லை. சாயங்காலம் நான் செருப்பைக் கழற்றுவதற்குள், "ஏனுங்க, காலைல கீழ போற பஸ்ஸு எத்தன மணிக்குங்க?" என்று கேட்பாள். (நேரம் அவளுக்கே தெரியும். எனக்கு ஞாபகப்படுத்துகிறாளாம்.)

அந்தக் கேள்வியை நிறுத்தியது ஜில்லு என்ற நாய்க்குட்டிதான். அதன் தாய் யாரோ அதிகாரி வீட்டுப் பொமரேனியன். தகப்பன் பஸ் ஸ்டாப்பில் படுத்திருக்கும், ஊருக்கே தெரியும். முடி அம்மா வழி, சேட்டை அப்பா வழி. குட்டி வந்த நாளிலிருந்து சுகன்யா அதோடு பேசினாள், சண்டை போட்டாள், சிரித்தாள். பஸ்ஸை மறந்தே போனாள். எனக்கு அந்த நாயின் நாலு காலிலும் விழுந்து கும்பிடலாம் போலிருந்தது.

சிக்கல் முடியில் வந்தது. பொன்னுசாமி அண்ணன் வாசலில் தார்ப்பாய் விரித்து மிளகு காயப்போட்டிருந்தார். ஜில்லு அதன் ஓரமாகப் போய் உடம்பை ஒரு உதறு உதறும். வெள்ளை முடியெல்லாம் மிளகில் போய் விழும்.

"கோவிச்சுக்காதீங்க சார். மொளகுல முடி கெடந்தா யாவாரி மூட்டையத் தொடவே மாட்டானுங்க. இன்னொருக்கா உளுந்துச்சுன்னா நாய வேற எங்கியாச்சும் உட்டுருங்க" என்றார் அண்ணன்.

உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்த சுகன்யா, "ஜில்லு போனா அதே பஸ்ஸுல நானும் போறனுங்க" என்றாள். விளையாட்டாகச் சொல்லவில்லை. குரலிலேயே தெரிந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை, மச்சான் எனக்குப் பரிசாகத் தந்த தாடி டிரிம்மரை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன். வீடியோவில் நாய் சாமி சிலை மாதிரி நின்றது. ஜில்லு நிற்கவில்லை. முதலில் குளிக்க வைத்தோம். முழுசாக நனைந்தது நாங்கள் இரண்டு பேரும்தான். பிறகு சுகன்யா பிடித்துக்கொள்ள, நான் டிரிம்மரை ஓட்டினேன். வலது பக்கம் முடிந்தது. ("பாரு, கை எப்படிப் பேசுதுன்னு!" என்று பெருமை வேறு.) இடது பக்கம் ஆரம்பித்ததும் சிக்கு முடியில் டிரிம்மர் மாட்டியது. ஒரே கத்தல், ஒரே துள்ளல், ஆள் எஸ்கேப்.

வாசலின் மறுகோடியில் அண்ணனின் மனைவி செல்லம்மாக்கா பலாப்பழம் அறுத்துக்கொண்டிருந்தார். பால் வடியும் தோலும் தண்டும் குவிந்து கிடந்தன. ஜில்லு நேராக அதில் விழுந்து புரண்டது. உடம்பெல்லாம் பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டதும் அதற்கே பிடிக்கவில்லை. துடைத்துக்கொள்ள இடம் தேடியது. பக்கத்திலேயே மிளகு.

இந்தப் பக்கம் ஒரு உருளல், அந்தப் பக்கம் ஒரு உருளல். எழுந்து நின்றபோது பாதி உடம்பு மொட்டை, மீதி உடம்பு மிளகு. எங்களைப் பார்த்து வாலை ஆட்டியது. வாலிலும் மிளகு.

சுகன்யா என்னைப் பார்க்கவில்லை. வீட்டுக்குள் பரண்மேல் இருந்த பெட்டியைப் பார்த்தாள்.

தோட்டத்திலிருந்து வந்த பொன்னுசாமி அண்ணன் நாயைப் பார்த்தார், தார்ப்பாயைப் பார்த்தார், என் கையிலிருந்த டிரிம்மரைப் பார்த்தார்.

"என்னங்க சார் பண்ணுனீங்க?"

"முடி வெட்டுனங்கண்ணா."

"அது தெரியுதுங்க. எதுக்குன்னுதான் தெரீல."

முதலில் சிரித்தது செல்லம்மாக்காதான். பிசின் கையால் முகத்தைத் தொட முடியாமல், முழங்கையால் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். "நின்னுக்கிட்டே இருந்தா ஆச்சா? எண்ணெயக் கொண்டா கண்ணு. பால் காஞ்சு போச்சுன்னா மொளகும் வராது, முடியும் வராது!"

நாலு பேரும் நாயைச் சுற்றி உட்கார்ந்தோம். தேங்காயெண்ணெய் தேய்த்து, ஒவ்வொரு மிளகாகப் பிய்த்துத் தட்டில் போட்டோம். வராத இடத்தில் அண்ணன் கத்தரிக்கோலால் நறுக்கினார். செல்லம்மாக்கா ராசிபுரத்தைப் பற்றிக் கேட்க, சுகன்யா சொல்ல, அக்கா தன் மருமகள் கதையை எடுக்க, இரண்டு பேரும் என்னை மறந்தே போனார்கள். ஜில்லு களைத்துப்போய் அண்ணன் மடியில் தூங்கிவிட்டது. கால் மரத்தும் அவர் அசையவில்லை. கடைசியில் பார்த்தால் காதிலிருந்து வால்வரை ஒரு முடி இல்லை. எண்ணெய் தடவிய பெருச்சாளி மாதிரி இருந்தது.

தைரியத்தை வரவழைத்துக்கொண்டு, "அண்ணா, நாய எங்க உடறதுன்னு..." என்று இழுத்தேன்.

"எங்க உடறதுங்க? முடியில்லாம இந்தக் குளுர்ல செத்துப் போயிரும். மொதல்ல முடி மொளைக்கட்டும்."

"மொளைச்ச பொறகுங்கண்ணா?"

"மறுக்கா வெட்டிப்போடலாம். ஆனா நீங்க வெட்டாதீங்க சார்."

சுகன்யா சிரித்த சிரிப்பில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. (எண்ணெய் பட்டுவிட்டது என்று சமாளித்தேன்.)

தட்டில் சேர்ந்த மிளகை இனி விற்க முடியாது. செல்லம்மாக்கா நன்றாகக் கழுவிக் காயவைத்து எங்களிடமே தந்துவிட்டார். அடுத்த மாதம், மகளின் பழைய புலம்பலை நம்பி அவளைக் கையோடு கூட்டிப்போக வந்த மாமனாருக்கு அதில்தான் ரசம். மூன்று தரம் வாங்கிச் சாப்பிட்டவர், "மலை மொளகு மலை மொளகுதானுங்க மாப்ள" என்று ஒரு பொட்டலமும் கேட்டு வாங்கிக்கொண்டார். மறுநாள் பஸ்ஸில் பொட்டலத்தோடு அவர் மட்டும் மலையிறங்கிப் போனார். மகள் போகவில்லை.

எங்கள் பெண்ணுக்குக் காது குத்தியபோது, பந்தியில் எல்லோர் முன்னாலும் சுகன்யா அந்த மிளகின் உண்மையைப் போட்டு உடைத்தாள். ரசத்துக்குச் சாதத்தில் குழி பறித்துக்கொண்டிருந்த மாமனாரின் கை அப்படியே நின்றது.

"அந்த நாய் இன்னும் இருக்குதா சாமி?"

"இருக்குதுங்கப்பா. நல்லாருக்குது."

"அப்ப இந்த வருசத்து மொளகு எப்பக் குடுப்பீங்க?" என்று கேட்டுவிட்டுக் குழியைப் பெரிதாக்கினார்.

இன்றைக்கும் எங்கள் சொந்தத்தில் எந்த விசேஷத்தில் ரசம் வந்தாலும், "கடை மொளகா, நாய் மொளகா?" என்று கேட்காமல் யாரும் கையை வைப்பதில்லை. கடை மொளகு என்று சொன்னால் மாமனாருக்கு முகம் வாடிவிடும்.