இருபத்திரண்டு பொக்கு

எனக்கு எண்ணத் தெரியாது. இதை ஒப்புக்கொள்வதில் வெட்கம் இல்லை. எண்ணுவதற்காகவே ஒரு கம்பெனி என்னை வேலைக்கு வைத்திருக்கிறதே, அதுதான் வெட்கம்.

நான் கெர்னல் எழுதுகிறவன். கம்ப்யூட்டருக்குள் அடித்தளத்தில் உட்கார்ந்துகொண்டு, எது யாருக்கு, எவ்வளவு நேரம் என்று பங்கிட்டுக் கொடுக்கும் நிரல் அது. அதில் ஒரு சின்ன வேலை, ஒரு பொருளை எத்தனை பேர் பிடித்திருக்கிறார்கள் என்று எண்ணி வைப்பது. ஒருவர் பிடித்தால் ஒன்றைக் கூட்ட வேண்டும், விட்டால் ஒன்றைக் குறைக்க வேண்டும், பூஜ்யமானால் மூட்டை கட்ட வேண்டும். ஒன்றாம் வகுப்புக் கணக்கு. ஆனால் ஒருமுறை கூடுதலாகக் குறைத்துவிட்டால், ஆள் உட்கார்ந்திருக்கும்போதே நாற்காலியை உருவின கதை. குறைக்காமல் விட்டாலோ, காலி நாற்காலியை யாரும் உள்ளே எடுத்து வைக்க முடியாது. இந்த இரண்டு தப்பையும் தேடிப் பிடிப்பதே என் பிழைப்பு.

வீட்டிலிருந்தே வேலை என்று ஆனதும் திண்டிவனத்துக்கு வந்து சேர்ந்தேன். பிரம்மதேசம் போகிற வழியில் எங்கள் நிலம். அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் கிணறு பொது, மோட்டார் பொது, அந்த மோட்டாரால் வரும் சண்டையும் பொது. அப்பா தன் பாத்தி நிரம்பியதும் சிவப்பு பட்டனை அமுக்கிவிட்டுப் போவார். பெரியப்பா மண்வெட்டியோடு வாய்க்காலில் நிற்பார், தண்ணீர் நின்றுபோகும்.

"அண்ணன் ஒருத்தன் நின்னுக்கினு இருக்கான்னு தெரிய வாணாம்? பேஜாரு புடிச்சவன்!"

எனக்குக் கண் மின்னியது. இது நம்ம கணக்காச்சே! ஒரு பெட்டி செய்து ஸ்டார்ட்டரோடு இணைத்தேன். இரண்டு பேர் போனிலும் ஆன், ஆஃப். ஒருவர் ஆன் போட்டால் எண்ணிக்கை ஒன்று, இன்னொருவரும் போட்டால் இரண்டு. இருவரும் ஆஃப் செய்து பூஜ்யமானால்தான் மோட்டார் நிற்கும். (ஒரு சாதாரணச் செயலியில் பத்து வரியில் முடிகிற வேலை. அதைப் பெட்டியின் கெர்னலுக்குள் கொண்டுபோய் எழுதினேன். கெர்னல்காரன் மேல்தளத்தில் எழுதினால் கௌரவம் என்னாவது?)

மூன்றே நாள். பெரியப்பா வீட்டு வாசலில் நின்றார்.

"இன்னாடா இஞ்சினீரு, மறுபடியும் உங்கப்பன் நிறுத்திட்டான்."

"நான் என்னோடத நிறுத்தினேன்," என்றார் அப்பா உள்ளேயிருந்து. "அவரோடத நான் எதுக்கு நிறுத்தப் போறேன்?"

"ரெண்டு வாட்டி அமுக்கினீங்களாப்பா?" என்று கேட்டேன். அந்தக் கேள்விக்குப் பிறகு அப்பா என்னோடு இரண்டு நாள் பேசவில்லை. பெரியப்பா அப்பாவோடு பேசவில்லை. அம்மா மட்டும் எல்லோரோடும் பேசினாள், பேசாமல் இருந்திருக்கலாம்.

விளையாட்டு இல்லை இது. பெரியப்பாவின் மல்லாட்டை (வேர்க்கடலைக்கு எங்கள் ஊர்ப் பெயர்) விழுது விட்டு மண்ணில் இறங்கும் சமயம். அந்த வாரம் ஈரம் இல்லையென்றால் காய் இருக்கும், உள்ளே பருப்பு இருக்காது. பொக்கு. மூன்று மாத உழைப்பு வெறும் ஓடு.

லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு மோட்டார் கொட்டகைக்குப் போனேன். கரண்டு வந்ததும் இருவரையும் ஆன் போடச் சொன்னேன். எண்ணிக்கை இரண்டு. அப்பாவை ஆஃப் செய்யச் சொன்னேன். ஒன்று. மோட்டார் ஓடியது. நான் அங்கே இருந்த வரைக்கும் ஓடியது. வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றினேன். நின்றுவிட்டது.

மறுநாளும் அப்படியே. நான் பக்கத்தில் இருந்தால் கெர்னல் உத்தமன். நான் தெருமுனை தாண்டினால் அயோக்கியன்.

"உன்னைப் பார்த்தா பயப்படுதுடா," என்றார் பெரியப்பா. "ஒண்ணு செய். தண்ணி பாஞ்சி முடியற வரைக்கும் இங்கயே குந்திக்கினு இரு. இதுக்குத்தான படிச்சே?"

நான்கு நாள் குந்தினேன். அலுவலகக் கூட்டங்களில் என் பின்னால் மோட்டார் உறுமியது. ஐந்தாம் நாள்தான் புரிந்தது. கொட்டகையில் சிக்னல் வந்து வந்து போகும். ஆனால் நான் இருக்கும்போது லேப்டாப்புக்காக என் ஹாட்ஸ்பாட்டைப் போட்டிருப்பேன். பெட்டியும் அதையே பிடித்துக்கொண்டு சுகமாக இருந்திருக்கிறது. நான் போனதும் சிக்னல் அறுந்தால், 'அப்பா போய்விட்டார்' என்று பெட்டி ஒன்றைக் குறைக்கும். அதற்கு முன்போ பின்போ அப்பா நிஜமாகவே ஆஃப் செய்யும்போதும் இன்னொன்றைக் குறைக்கும். அந்த இன்னொன்று பெரியப்பாவுடையது! அந்த வரியை எழுதிய மகான் யார் என்று பார்த்தேன். நான். மேலே ஒரு குறிப்பு வேறு: 'பாதுகாப்புக்காக.'

செய்ய வேண்டியது அந்த வரியை அழிப்பது. நான் அழிக்கவில்லை. (எழுதின வரியை அழிக்க மனசு வருமா?) சிக்னல் போனால் ஒன்றைக் குறைக்கிறோம், திரும்பி வந்தால் ஒன்றைக் கூட்டிவிடுவோம், சமன் ஆகிவிடும் என்று இன்னொரு வரியைச் சேர்த்தேன்.

அந்த ஞாயிறு விழுப்புரத்தில் சொந்தக்காரர் வீட்டுக் காதுகுத்து. பெரியப்பா வரமாட்டேன் என்றார். மத்தியானம்தான் கரண்டு, மேல் பாத்திக்கு இரண்டு மணி நேரம் பாய்ச்ச வேண்டும், சாயங்காலம் மடையைத் திருப்பிக் கீழ்ப் பாத்திக்கு.

"பெரியப்பா, அங்கேருந்தே ஆன் போட்டு, அங்கேருந்தே நிறுத்திடலாம். சாயங்காலம் வந்து மடையைத் திருப்புங்க. என்னை நம்புங்க."

"உன்னையா?" என்றார். ஆனாலும் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு வந்தார்.

மண்டபத்தில் சாப்பாடு முடிந்த கையோடு, பத்துப் பதினைந்து உறவினர் சூழ, சோதனைக்கென்று என் போனிலும் வைத்திருந்த ஆனை அமுக்கினேன். இரண்டு மணி நேரம் கழித்து ஆஃப் அமுக்கினேன். 'ஏற்கப்பட்டது' என்று பச்சை எழுத்தில் வந்தது. ஒரு மாமா கைதட்டினார். பெரியப்பா கூட, "பையன் பரவால்ல," என்றார். என் வாழ்க்கையில் அவர் என்னைப் பாராட்டிய நேரம், மொத்தம் முக்கால் மணி.

ஊருக்குத் திரும்பினால், ரோட்டில் தண்ணீர். மேல் பாத்தி ஏரியாகி வரப்பு உடைந்திருந்தது. கிணற்றில் சேறு தெரிந்தது. கொட்டகையிலிருந்து கருகின வாடை. தண்ணீர் இல்லாத கிணற்றில் காற்றை இழுத்து இழுத்து மோட்டார் செத்திருந்தது.

பெட்டியின் பதிவைத் திறந்தேன். மண்டபத்தில் கூட்டம், என் போனில் சிக்னல் போவதும் வருவதும். போனது பெட்டிக்குப் பல தடவை தெரியவே இல்லை. திரும்பி வந்தது மட்டும் ஒவ்வொரு தடவையும் தெரிந்திருக்கிறது. நான் ஆஃப் அமுக்குவதற்கு முன் எண்ணிக்கை இருபத்து மூன்று. இருபத்து மூன்று பேர் எங்கள் கிணற்றில் தண்ணீர் கேட்டு நிற்பதாகக் கெர்னல் மனதார நம்பியிருக்கிறது. நான் ஆஃப் செய்ததும் ஒன்றைக் குறைத்துவிட்டு, மீதிப் பேருக்காக விசுவாசமாக இறைத்திருக்கிறது.

"இன்னும் எத்தினி பேருக்குடா இறைக்கணும்?" என்றார் பெரியப்பா. குரலில் கோபம் இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

"இருபத்திரண்டு பேருக்கு, பெரியப்பா."

அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கீழ்ப் பாத்தியைப் போய்ப் பார்த்தார். காய்ந்து கிடந்தது.

மோட்டாரையும் பெட்டி ஒட்டின ஸ்டார்ட்டரையும் விழுப்புரத்துக்குக் கொண்டுபோய், கருகின செம்புக் கம்பிச் சுருளைப் புதிதாகக் கட்டினோம். கடைக்காரர், "யாரு வச்சது இந்தப் பொட்டி?" என்று கேட்டார். அப்பா, "யாரோ ஒருத்தன்," என்றார். (அப்பாவின் பாசம் அப்படி.) மோட்டார் திரும்பிவர பத்து நாள். பக்கத்து நிலத்துக்காரரிடம் கெஞ்சி ஒரு தண்ணீர் விட்டோம், அதுவும் தாமதமாகத்தான். அண்ணனும் தம்பியும் சேர்ந்து என்னைத் திட்டும் சாக்கில் மறுபடி பேச ஆரம்பித்தார்கள். என் பெட்டியால் நடந்த ஒரே நல்ல காரியம் அது.

கீழ்ப் பாத்தி பாதிக்கு மேல் பொக்கு.

அறுவடைக்குப் பிறகு பெரியம்மா மல்லாட்டை அவித்துக் கொட்டினாள். எல்லோருக்கும் தட்டு வந்தது. என் தட்டை மட்டும் பெரியப்பா தன் கையால் கொண்டுவந்து வைத்தார். ஒவ்வொன்றாக உரித்தேன். எதிலும் பருப்பு இல்லை.

"எண்ணிக்கோ," என்றார்.

எண்ணினேன். இருபத்திரண்டு.

இப்போது சிவப்பு, பச்சை பட்டன் போட்ட பழைய ஸ்டார்ட்டர்தான். அப்பா பாத்தி நிரம்பியதும், "அண்ணே, நிறுத்தட்டுமா?" என்று கத்துகிறார். கெர்னலைவிட நன்றாக வேலை செய்கிறது.

என் கல்யாணத்துக்குப் பிறகு வந்த முதல் அறுவடையில், வருஷா வருஷம் வரும் என் பொக்குத் தட்டைப் பார்த்து மனைவி பதறிப்போய், "இதுல ஒண்ணுமே இல்லையே?" என்றாள். பெரியப்பா அவளை உட்காரவைத்து, காதுகுத்தில் ஆரம்பித்து முழுக் கதையும் சொன்னார். அவர் விட்டதை, அந்த வரிக்கு மேலே நான் எழுதின குறிப்பு வரை, நானே சொல்லித் தொலைத்தேன். அடுத்த வருஷத்திலிருந்து பொக்கு பொறுக்கும் வேலையை அவளே ஏற்றுக்கொண்டாள். போன தடவை என் தட்டில் இருபத்து மூன்று இருந்தது.

"ஒண்ணு கூட இருக்கே," என்றேன்.

"பாதுகாப்புக்காக," என்றாள்.