கூப்பிடு தூரத் தியாகி

தியாகிகளில் பல ரகம் உண்டு. சொத்தை விட்டவர், சோற்றை விட்டவர், தூக்கத்தை விட்டவர் என்று நீங்களும் பார்த்திருப்பீர்கள். இவர்களில் எந்தக் கணக்கிலும் சேராத ஒரு ரகம் இருக்கிறது. தனக்கு எது கூப்பிடு தூரத்தில் கிடக்கிறதோ அதை எட்டி எடுத்துக்கொண்டு, இதற்காக நான் பட்ட பாடு தெரியுமா என்று ஊரையே நிற்கவைத்துப் பாடம் நடத்துகிறவர். தேடி அலைய வேண்டாம். காலையில் ஏதாவது ஒரு பல்கலைக்கழகத்தின் வாகன நிறுத்தத்தில் போய் நில்லுங்கள், அவரே வந்து பிடித்துக்கொள்வார்.

நம்முடைய ஆள் புவியியல் பேராசிரியர். பசுமைப் பயணக் குழுவின் தலைவர் என்பதால் எல்லோருக்கும் அவர் பசுமையார். தலையில் தொப்பி, கழுத்தில் துண்டு, முதுகில் பை, கையில் தண்ணீர் பாட்டில் சகிதம், பாலைவனத்தைக் கடந்து வந்தவரைப் போல நெற்றியைத் துடைத்துக்கொண்டு நின்று, காரிலிருந்து இறங்குகிற ஒவ்வொருவரையும் "எதுல வந்தீங்க?" என்று கேட்பார். கார் கண்ணெதிரே நிற்கும். இருந்தாலும் கேட்பார்.

"கார்லதான் சார்" என்பார் கணிதப் பேராசிரியை.

"தனியாவா?"

கொலைக் குற்றவாளியிடம்கூட யாரும் அப்படிக் கேட்க மாட்டார்கள். மாமியாரை மருத்துவமனையில் இறக்கி, மகளைப் பள்ளிக்குள் தள்ளி, நகரத்தின் அந்தக் கோடியிலிருந்து அரக்கப் பரக்க ஓடிவந்த அந்த அம்மாள் வாயைத் திறப்பதற்குள் பசுமையார் முந்திக்கொள்வார். "என்னைப் பாருங்கம்மா. வேலைக்குச் சேர்ந்த நாள்லேருந்து நடைதான். மனசு வெச்சா முடியாதா?"

அவர் சொன்னது பொய்யில்லை. நடைதான். என்ன, அவருடைய வீடு வளாகத்துக்குள்ளேயே, நூலகத்துக்குப் பின்னால், ஆசிரியர் குடியிருப்பில் இருந்தது. அவர் மனைவி அடுப்படி ஜன்னலைத் திறந்து "கண்ணாடிய மறந்துட்டுப் போயிட்டீங்க!" என்று ஒரு குரல் கொடுத்தால் வகுப்பறைக்குக் கேட்கும். மாணவர்கள் சிரிப்பார்கள். அவர் சிரிக்க மாட்டார். தியாகத்துக்குத் தூரம் எல்லாம் ஒரு கணக்கா?

இப்படி நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் அவருடைய நாக்கு அவரைக் காட்டிக்கொடுத்தது. துணைவேந்தர் வந்திருந்த குழுக் கூட்டத்தில் அவருக்கு ஆவேசம் வந்துவிட்டது. "மாணவர்களோட சைக்கிளெல்லாம் வெயில்ல காயுது! வளாகத்துக்கு நடுவுல, கூரை போட்டு, பெரிய சைக்கிள் நிறுத்தம் வேணும். எந்தக் கட்டடம் குறுக்க நின்னாலும் சரி, இடிச்சுத் தள்ளுங்க!" என்று மேசையைக் குத்தினார்.

துணைவேந்தர் சொன்னால் செய்கிறவர். அடுத்த கூட்டத்திலேயே பொறியாளர் வரைபடத்தை விரித்தார். குறுக்கே நின்றது நூலகத்துக்குப் பின்னாலிருந்த ஆசிரியர் குடியிருப்பு.

"உங்க யோசனை சார். முழுப் பெருமையும் உங்களுக்குத்தான்" என்று துணைவேந்தர் பசுமையாரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். எல்லோரும் கைதட்டினார்கள். கணிதப் பேராசிரியை உள்ளங்கை சிவக்கத் தட்டினார். பசுமையாருக்கு வாய் சிரித்தது, கண் வரைபடத்தில் தன் வீட்டைத் தேடியது.

வீட்டில் செய்தியைச் சொன்னபோது அவர் மனைவி அழவில்லை, கத்தவில்லை. "சைக்கிளுக்குக் கூரை வேணும்னு கேட்டீங்க, சரி. நமக்கு வேணுமான்னு யோசிச்சீங்களா?" என்று கேட்டுவிட்டுப் பாத்திரங்களை மூட்டை கட்ட ஆரம்பித்தார்.

வாடகைக்கு வீடு கிடைத்தது நகரத்தின் அந்தக் கோடியில். முதல் நாள் பேருந்தில் தொங்கிக்கொண்டு, சட்டைப் பொத்தான் ஒன்றைப் பறிகொடுத்து, பாதி வகுப்பு முடிந்தபின் போய்ச் சேர்ந்தார். இரண்டாம் நாள் அந்தப் பேருந்தும் வரவில்லை. நிறுத்தத்தில் நிஜ வியர்வையைத் துடைத்தபடி நின்றபோது, தினமும் இந்தப் பாட்டைப் பட்டுவிட்டு வருகிறவர்களையா நாம் வாசலில் மடக்கினோம் என்று மனுஷனுக்கு நெஞ்சு உறுத்தியது. நிஜமாகவே உறுத்தியது. அதை நாம் மறைக்கக் கூடாது.

அப்போது ஒரு கார் பக்கத்தில் வந்து நின்றது. உள்ளே கணிதப் பேராசிரியை. பின் இருக்கையில் மாமியாரும் மகளும்.

"ஏறுங்க சார். கிளாஸுக்கு நேரமாச்சு."

பசுமையார் தலையைக் குனிந்துகொண்டு ஏறினார். மருத்துவமனை வந்தது, மாமியார் இறங்கினார்; பள்ளி வந்தது, மகள் இறங்கினாள். வளாகத்தில் இறங்கியபோதுதான், "உங்களை நான் ரொம்பப் படுத்திட்டேன்மா. மன்னிச்சுடுங்க" என்றார்.

"அட, விடுங்க சார்" என்றார் அந்த அம்மாள். அவருக்கும் ஒரு மாதிரி ஆகிவிட்டது.

இருவரும் கட்டடத்துக்குள் நுழைந்தார்கள். புவியியல் துறை தரைத்தளம், கணிதத் துறை நான்காவது மாடி. பேராசிரியை லிஃப்ட் பொத்தானை அழுத்தினார்.

தன் அறைக் கதவில் கைவைத்த பசுமையார் திரும்பிப் பார்த்தார். முகத்தில் பழைய களை வந்துவிட்டது.

"லிஃப்ட்லயா போறீங்க? எவ்வளவு கரண்ட் வீணாகுது! என்னைப் பாருங்கம்மா, நான் லிஃப்ட்டைத் தொட்டதே கிடையாது."

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். நீங்கள் அந்த ரகம் இல்லை என்று எனக்குத் தெரியாதா? நேற்று விருந்தில் பக்கத்து நாற்காலிக்காரர் கையிலிருந்த ஐஸ்கிரீமைப் பார்த்து, "சர்க்கரைய விட்டுடுங்க, நான் விடலையா?" என்றீர்களே, அது வேறு விஷயம். உங்களுக்குப் பிறந்ததிலிருந்தே இனிப்பு பிடிக்காது என்பதை நான் யாரிடமும் சொல்லப் போவதில்லை.