பத்து நிமிசம் டாக்டரும் கும்பிட்ட நாயும்

செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் வரைக்கும் நாய்களுக்கு வந்த கணைய வீக்கத்தையெல்லாம் கண்டுபிடித்தவன் நான்தான். சரி, பொய். கண்டுபிடித்தவர் டாக்டர். நான் நாயைப் பிடித்துக்கொள்கிறவன். அதிலும் பாதி நேரம் நாய்தான் என்னைப் பிடித்திருக்கும். தழும்பு இருக்கிறது, காட்டுகிற இடத்தில் இல்லை.

எங்கள் கிளினிக் திருக்கழுக்குன்றம் சாலையில். டாக்டர் பெயர் போர்டில் இருக்கிறது. மூன்றாம் வகுப்பை மூன்று தடவை படித்த நான் அதைப் படித்ததில்லை, படித்தவர்களும் படித்ததில்லை. எல்லோருக்கும் அவர் 'பத்து நிமிசம்'. அந்தப் பத்து நிமிடத்துக்கு அவரளவு மரியாதை கொடுத்த மனிதர் உலகத்திலேயே கிடையாது.

காரணம் ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பா. வாந்தியும் வயிற்றுவலியுமாக வரும் நாயின் ரத்தத்தை மெஷினில் சுற்றி, மேலே தெளிகிற நீரில் சில சொட்டை அதில் விடுவார். முட்டை வேகவைக்கிற டைமரைத் திருகி வைப்பார். மணி அடித்ததும் இரண்டு நீலப் புள்ளி தெரியும். ஒன்று அளவுக்காக வைத்தது, இன்னொன்று நாயுடையது. நாயின் புள்ளி வெளுத்திருந்தால் நிம்மதி. சமமாகவோ அதைவிடக் கருத்தோ இருந்தால் கணையத்தின் மேல் சந்தேகம்.

மணி அடிக்கும்வரை யாரும் பேசக் கூடாது. ஃபேனைக்கூட நிறுத்திவிடுவார். கூடுவாஞ்சேரியிலிருந்து காரில் வந்த ஒருவர், நாய்க்குப் பாக்கெட் தீனி தவிர எதுவும் கொடுப்பதில்லை என்று சாதித்தார். ஏழாவது நிமிடம் வேர்த்து ஊற்ற எழுந்து நின்றார்.

"டாக்டர், கோழித் தோலு. நான்தான் குடுத்தேன். என் வொய்ஃபுக்குத் தெரியாது."

"இப்போ தெரிஞ்சிட்ச்சி" என்றார் பக்கத்திலிருந்த வொய்ஃப்.

புள்ளியை டாக்டர் முதலில் பார்க்க மாட்டார். "நாயி மேல ஆசை கீறவன் கண்ணு, தனுக்கு வேண்டியதத்தான் பாக்கும். நீ பாருடா. உனுக்குத்தான் நாயின்னாலே ஆவாதே" என்பார். என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த ஒரே பதவி அது.

ஒரு நாள் ஸ்டெல்லா அக்கா தன் நாய் பிஸ்கட்டைத் தூக்கிக்கொண்டு வந்தார். மாமல்லபுரத்தில் ஒரு ரிசார்ட்டில் துணி வெளுக்கிற வேலை. பிஸ்கட் நான்கு நாளாகத் தெருமுனைப் பிள்ளையார் முன்னால் முன்னங்காலை நீட்டி, நெஞ்சைத் தரையில் வைத்து, பின்பக்கத்தை மட்டும் தூக்கி நின்றதாம். தெரு உருகிவிட்டது. வீட்டுக்கு வீடு நெய் சொட்டச் சொட்டச் சர்க்கரைப் பொங்கல் கொண்டுவந்து ஊட்டியிருக்கிறார்கள்.

"எனுக்கே ஒரு மாதிரியாப் பூட்ச்சி டாக்டர். நான் மாதா கோயிலுக்குப் போறவ, என் நாயி புள்ளையார கும்புடுது."

டாக்டர் அதன் வயிற்றில் கை வைத்தார். பிஸ்கட் முனகியது.

"கும்புடலம்மா. வலி தாங்காம அப்டி நிக்கிது. நெய்யப் போட்டுப் போட்டு வலிய ஏத்தினு கீறாங்க."

அக்கா பிஸ்கட்டின் காதைத் தடவினார். "அவுரு போனப்புறம் வூட்ல என் சத்தத்துக்குத் திரும்பிப் பாக்கறது இது ஒண்ணுதான் டாக்டர்."

டைமர் ஓடியது. ஃபேன் நின்றது. பிஸ்கட் என்னைக் கடிக்கவில்லை. என் கைமேல் தாடையை வைத்துக்கொண்டு, என்னை ஒரு மனுஷன் என்று நம்பிப் பார்த்தது. எந்த நாயும் செய்யாத தப்பு.

மணி அடித்தது. வேட்டியில் சொட்டு நீலம் கொட்டின மாதிரி நாயின் புள்ளி கருத்துக் கிடந்தது.

"வெளுப்பா கீது சார்" என்றேன்.

டாக்டர் புள்ளியைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். "உனுக்கும் ஆசை வந்துட்ச்சா? இனிமே நீ பாக்காத." என் பதவி போனது. பிறகு டப்பாவைக் கையில் எடுத்து, அக்கா பக்கம் திரும்பினார்.

"கணையந்தாம்மா. புள்ளி மட்டும் சொல்லல, வாந்தியும் வயிறும் சேந்து சொல்லுது. ட்ரிப் போட்டு வலிக்கு மருந்து குடுக்கறேன். பொழைக்குமான்னு இப்போ கேக்காத."

"எப்போ டாக்டர் கேக்கட்டும்?"

எதைக் கேட்டாலும் பத்து நிமிசம் என்கிற மனிதர், அன்றைக்கு அதைச் சொல்லவில்லை. ஸ்டூலை இழுத்து ட்ரிப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார்.

மூன்றாம் நாள் காலை, குழைந்த வெறும் சோற்றைக் கிண்ணத்தில் வைத்தேன். பிஸ்கட் மெல்லத் தலையைத் தூக்கி...

"டேய்! எங்கடா பூட்ட? பிஸ்கட்டு என் செருப்பத் தூக்கினு ரோட்டுக்கு ஓடுது பாரு! புடிடா!"

இப்போது கூப்பிடுகிறவர் டாக்டர்தான். அக்காவின் தெருக்காரர்களிடம் நெய் இன்னும் தீரவில்லை. அதனால் அக்கா வேலைக்குப் போகும்போது பிஸ்கட்டை இங்கேதான் விட்டுப் போகிறார். நான் கிளம்புகிறேன். யார் கூப்பிட்டாலும் 'பத்து நிமிசம்' சொல்ல அவரிடம்தான் கற்றுக்கொண்டேன். அவர் கூப்பிட்டால் மட்டும் அது வாயில் வருவதில்லை.