கைப்பட்டையில் கேள்விக்குறி

கம்ப்யூட்டர்காரன் எழுதிய புரோகிராம் முதல் குழந்தையின் பெயரிலேயே மல்லாந்துவிட்டது. பிரசவ ஆஸ்பத்திரியில் பிறக்கும் குழந்தைகளின் பெயர்களை ஒரு ஃபைலில் எழுதுவது அதன் வேலை. அதிலிருந்துதான் கைப்பட்டை அச்சாகும். பாவம், அதற்கு ஆங்கில எழுத்தைத் தவிர எதுவும் தெரியாது. தமிழைக் கண்டதும் "பிழை" என்று நின்றுவிட்டது.

"தம்பி, கண்ணாடிப் பெட்டியில இருக்கிற குறைமாசப் பிள்ளையைப் பார்க்க அதோட அம்மா சாயங்காலம் முதல்தடவையா வர்றாங்க" என்றார் தலைமை நர்ஸ். "அப்ப பிள்ளை கையில பேர் இருக்கணும்."

"ரெண்டே நிமிஷம்க்கா!"

'தெரியாத எழுத்தை விட்டுவிடு' என்று புரோகிராமில் சேர்த்தான். அது அத்தனையையும் விட்டுவிட்டது. முதல் நாலைந்து பட்டைகள் மொட்டையாக வந்தன.

"வெறும் நம்பர்தான் இருக்கு. இது பிள்ளையா, பஸ் டிக்கெட்டா?"

'தெரியாத எழுத்துக்குக் கேள்விக்குறி போடு' என்று மாற்றினான். கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது. வார்டு முழுக்கக் கேள்விக்குறிகள்.

"அப்ப பேர் இல்லை. இப்ப பேர்லயே சந்தேகமா!"

முதலிலேயே செய்திருக்க வேண்டியதைக் கடைசியில் செய்தான். எல்லா மொழி எழுத்தும் அடங்கும் யூனிகோடில் ஃபைலை எழுதச் சொன்னான். பெயர்கள் அழகாக வந்து விழுந்தன. நர்ஸே சிரித்துவிட்டார்.

ஒரே ஒரு பட்டையில் மட்டும் "????". கண்ணாடிப் பெட்டிக் குழந்தையுடையது.

ஃபைலை அழித்து எழுதினான். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டான். கெஞ்சிக்கூடப் பார்த்தான். கேள்விக்குறி அசையவில்லை.

அதற்குள் சக்கர நாற்காலி வந்துவிட்டது. குழந்தையின் அப்பா, ஒரு தையல்காரர், மனைவியை அதில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார். அவள் கண்ணாடியில் கை வைத்து உள்ளே பார்த்தாள். உள்ளங்கையளவு உயிர் காலை உதைத்தது. கம்ப்யூட்டர்காரன் தலையில் அடித்துக்கொண்டான். ஊர்ப்பட்ட பெயர்களில் இதையா கோட்டைவிட வேண்டும்?

"மன்னிச்சிடுங்க" என்றான். "உங்க பொண்ணு பேரை என் புரோகிராம் தின்னுடுச்சு."

கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தையல்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்.

"அது உங்க தப்பில்ல சார், பதியறப்ப பேர் கேட்டாங்க, பொழைக்குமான்னே தெரியலை, நான்தான் கேள்விக்குறியா அடிச்சுவச்சேன், இனிமே பயமில்லைன்னு டாக்டரம்மா இப்பதான் சொன்னாங்க, அதை அழிச்சுட்டு ஒரு பேர் போடலாமா?"