காடியில் ஊற்றிய காடி

கவரைப்பேட்டை
10-2-1972, வியாழன் மாலை

பேரன்புமிக்க தணிகாசலம் மாமா அவர்களுக்கு, தங்கள் அக்காள் மகள் பச்சையம்மா (ஒன்பதாம் வகுப்பு, ஆ பிரிவு) பணிவுடன் எழுதிக்கொள்வது.

இங்கு தந்தையாரைத் தவிர அனைவரும் நலம். தந்தையாருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. செவ்வாய்க்கிழமையிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை, அவ்வளவே. அங்கே தாங்களும் அத்தையும் நன்றாகச் சாப்பிட்டு நன்றாகத் தூங்குகிறீர்கள் என்று நம்புகிறேன். என் சென்ற கடிதத்தைத் தாங்கள் சிவப்பு மையால் திருத்தித் திருப்பி அனுப்பியதில் இருந்த பதினோரு பிழைகளையும் நோட்டில் பத்துப் பத்து முறை எழுதிவிட்டேன். 'நைனா' என்று எழுதாமல் 'தந்தையார்' என்று எழுத வேண்டும் என்பது அவற்றில் முதலாவது. அவசரத்தில் இந்தக் கடிதத்தில் எங்காவது தவறினால் மன்னிக்கவும்.

விஷயம் இதுதான், மாமா. ஞாயிறு காலை எட்டு மணிக்குள் காரின் தரையில் போடும் கார்ப்பெட் மேட்டு ஒன்று வேண்டும். கிடைக்காவிட்டால் நைனாவுக்கு வேலை போய்விடும். (பாருங்கள், தவறிவிட்டேன்.)

தந்தையார் அரிசி ஆலை முதலாளி ராஜமாணிக்கம் அவர்களின் அம்பாசிடர் காரை ஓட்டுவது தாங்கள் அறிந்ததே. அந்தக் காரின் தரையில் நான்கு கார்ப்பெட் மேட்டுகள் உண்டு. கத்தரிக்காய் நிறம், ஓரத்தில் மஞ்சள் பட்டை. முதலாளி ஏறி உட்கார்ந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு, பின்பக்கம் இடது புறத்து மேட்டில் இரண்டு பாதங்களையும் வைத்து, விரல்களை மடக்கி நீட்டிக்கொண்டே வருவாராம். இன்னொரு செய்தியும் தாங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். முதலாளியின் மனைவிக்கு மீன் வாடை ஆகாது. அவர் வீட்டில் மீன், எறா, கருவாடு என்ற சொற்களைக் கூடச் சொல்லக் கூடாது. முன்பு இருந்த டிரைவர் சுப்பிரமணி, சீட்டுக்கு அடியில் கருவாட்டுப் பொட்டலம் வைத்திருந்த குற்றத்துக்காக எளாவூர் செக்போஸ்ட் அருகே நடுரோட்டில் இறக்கிவிடப்பட்டார், பொட்டலத்தோடு.

இப்போது முதலாளி குடும்பத்துடன் நெல்லூரில் சம்பந்தி வீட்டில் இருக்கிறார். ஞாயிறு காலை ரயிலில் சம்பந்தியை அழைத்துக்கொண்டு வந்து இறங்கி, நேரே சோழவரத்துக்குக் கார் ரேஸ் பார்க்கப் போகிறார். அதுவரை கார் எங்கள் வாசலில் நிற்கிறது. தாங்கள் பொங்கல் வாழ்த்து அட்டையின் ஓரத்தில், 'பழவேற்காட்டு இறால் சாப்பிட்டு எத்தனை நாளாயிற்று, அக்கா' என்று எழுதியிருந்தீர்கள். அதை அம்மா என்னை மூன்று முறை படிக்கச் சொல்லிக் கேட்டு மூன்று முறையும் அழுதார். ஆகவே செவ்வாய்க்கிழமை நைனா பிரேக் பார்ப்பதற்காகப் பொன்னேரிக்குப் போனவர், பிரேக் சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்கப் பழவேற்காடு வரைக்கும் ஓட்டிப் பார்த்து, அங்கே கோவிந்தம்மா என்பவரிடம் ஒரு கூடை எறா வாங்கி, கூடையைப் பின்சீட்டில் வைத்தால் தப்பு என்று தரையில் வைத்து, திரும்பி வரும்போது ரயில்வே கேட் திடீரென்று மூடப்படவும் பிரேக்கை மிதித்தார். பிரேக் மிகவும் நன்றாக வேலை செய்தது. கூடை கவிழ்ந்து, எறாத் தண்ணீர் முழுவதும் இடது புறத்து மேட்டில் இறங்கிவிட்டது.

மேட்டின் நூலுக்குள் சிக்கியிருந்த எறா மீசைகளை நான் ஹேர்பின்னால் ஒவ்வொன்றாக எடுத்தேன், முப்பத்தாறு இருந்தன. பிறகு மேட்டை வேலியில் போட்டு நைனா தடியால் அடித்தார். தூசி போயிற்று, வாடை போகவில்லை. அம்மா பூந்திக்கொட்டை ஊறவைத்து நுரை வரத் தேய்த்தார். வெறும் எறா வாடையாக இருந்தது, குளித்துவிட்டு வந்த எறா வாடையாக மாறிற்று.

"இன்னாத்துக்கு உன் தம்பிக்கு எறா? மெட்ராஸ்ல அவனுக்கு மீனே கெடைக்கலயா?" என்றார் நைனா.

"என் தம்பி வாயத் தொறந்து கேட்டதே இந்த ஒண்ணுதான். பிரேக்க அப்டி மிதிக்கச் சொல்லி அவனா எழுதினான்?" என்றார் அம்மா.

மாமா, தாங்கள் எழுதவில்லை என்பதற்கு நானே சாட்சி.

அப்போதுதான் தாங்கள் பிழை திருத்தும் அச்சகத்திலிருந்து அனுப்பும் மாதர் பத்திரிகை நினைவுக்கு வந்தது. சென்ற மாத இதழின் அட்டையில் 'பக்கம் 47, மாமா கைபட்டது' என்று பென்சிலால் எழுதியிருந்தீர்கள் அல்லவா? அந்தப் பக்கத்தில்தான் வீட்டுக் குறிப்புகள். அவற்றில் ஒன்பதாவது: 'தரைக் கம்பளத்தில் மீன் வாடை ஏறிவிட்டால், ஒரு பங்கு காடியில் இரண்டு பங்கு நீர் கலந்து தெளித்து, தேங்காய் நாரால் ஒரே திசையில் தேய்த்து, நிழலில் உலர்த்தவும். வாடை பறந்தோடும்.' எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. நமக்காகவே எழுதியது போல இருந்தது. ஓடிப்போய் நைனாவிடம் சொன்னேன்.

"நைனா, காடி ஊத்தணுமாம்!"

எங்கள் பக்கத்தில் காரைத்தான் காடி என்பார்கள் என்பது தங்களுக்கு மறந்திருக்கலாம். நைனாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"காடில பெட்ரோல் ஊத்துவாங்க, தண்ணி ஊத்துவாங்க. காடில காடிய எப்டி ஊத்துவாங்க? படிச்சிப் படிச்சி உனக்கு மூளை கலங்கிப்போச்சா?"

ஆகவே தாங்கள் பரிசளித்த கையடக்க அகராதியைப் பார்த்தேன். 'காடி – புளித்த கஞ்சி' என்று தெளிவாக இருந்தது. புளித்த கஞ்சி எங்கள் வீட்டிலேயே உண்டு. பக்கத்து வீட்டுக் கெங்கம்மாள் அக்காவின் எருமைக்காக அம்மா ஒரு பானையில் ஊற்றி ஊற்றி வைப்பார். மூன்று நாள் புளித்தது. புதன் காலை பள்ளிக்குக் கிளம்பும் முன் ஒரு பங்குக்கு இரண்டு பங்கு சரியாக அளந்து, தெளித்து, ஒரே திசையில் தேய்த்து, நிழல் எங்கே விழுகிறது என்று பார்த்து வேலியின் மேற்குப் பக்கம் உலர்த்திவிட்டுப் போனேன். குறிப்பில் இருந்த எதையும் நான் விடவில்லை, மாமா. அந்த வேலிக்கு அந்தப் பக்கம் எருமை கட்டியிருப்பதைப் பற்றிக் குறிப்பில் ஒன்றும் இல்லை.

மாலையில் நான் வீட்டுக்குள் நுழையும்போது நைனா தோட்டத்தில் நின்றுகொண்டிருந்தார்.

"மேட்டு எங்க?" என்று கேட்டார்.

அம்மா அடுப்படியிலிருந்து, "மாடு கொட்டாயிலதான் இருக்கும், எங்க போவும்?" என்றார்.

"மாட்டக் கேக்கல, மேட்டக் கேட்டேன்!"

இரண்டும் ஒரே இடத்தில்தான் இருந்தன. எருமை மேட்டை இழுத்துக் கீழே போட்டு, முழுவதும் நக்கி, ஒரு மூலையைப் பிறை நிலா வடிவத்தில் கடித்துத் தின்றிருந்தது. மஞ்சள் பட்டையின் நுனி இன்னும் அதன் வாயில் ஆடிக்கொண்டிருந்தது. ஒன்றை மட்டும் நேர்மையாக எழுத வேண்டும். அது நக்கிய இடமெல்லாம் நூல் நிமிர்ந்து கடையிலிருந்து அன்றைக்குத்தான் வாங்கியது போல இருந்தது. நாங்கள் இரண்டு நாள் செய்ததை அது ஒரே பகலில் செய்துவிட்டது. தின்னாமல் விட்டிருந்தால் இந்தக் கடிதமே தேவைப்பட்டிருக்காது.

கெங்கம்மாள் அக்காவிடம் நியாயம் கேட்கப் போன அம்மா, அவரிடம் ஏச்சு வாங்கிக்கொண்டு வந்தார். "கஞ்சிய ஊத்தி மூஞ்சிக்கு நேரா மாட்டி வெச்சா, அது தனக்கு விருந்துன்னு நெனைக்காதா? அந்தச் சாயம் என் எருமைக்கு ஒத்துக்காம போனா பேஜாராயிடும், சொல்லிட்டேன்!"

இன்று பள்ளியில் ரோசம்மாள் டீச்சரிடம் பக்கம் 47-ஐக் காட்டினேன். அவர் படித்துவிட்டு மேஜையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அடி பைத்தியமே, இந்தக் காடி வினிகர்! ஊறுகாய்க்கு ஊற்றுவார்களே, பாட்டிலில் விற்கும், அது. எழுதியவர் வினிகர் என்றுதான் எழுதியிருப்பார், எந்தப் புண்ணியவானோ தமிழ்ப்படுத்தியிருக்கிறான்" என்றார். அந்தப் புண்ணியவானை எனக்குத் தெரியும் என்று நான் சொல்லவில்லை, மாமா. குடும்ப விஷயத்தை வகுப்பில் பேசக் கூடாது என்று இருந்துவிட்டேன்.

நைனா நேற்றிலிருந்து நிற்கும் காரிலேயே போய் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். காபி கொண்டுபோய்க் கொடுத்தேன். "பச்சே, நீ எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் பண்ற வரிக்கும் இந்தக் காடிய ஓட்டிக்கினு இருக்கணும்னு நெனச்சேன். அதுக்கு மேல ஒண்ணும் கேக்கல" என்றார். என் பேச்சைக் கேட்டதால் வந்த வினை என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஆகவே மாமா, தயவுசெய்து கடிதம் கிடைத்தவுடனே மூர் மார்க்கெட்டுக்குப் போய் இதே மாதிரி மேட்டு ஒன்று தேடிப் பிடித்து, சனிக்கிழமை தாங்களே எடுத்துக்கொண்டு வர வேண்டும். நிறம் தெரிவதற்காக ஒரு நூலை இத்துடன் குண்டூசியில் குத்தி வைத்திருக்கிறேன். எருமை வாயில் படாத மூலையிலிருந்து எடுத்தது. தங்களுக்காக அம்மா செய்த எறா தொக்கு ஜாடியில் கழுத்து வரை இருக்கிறது. நாங்கள் யாரும் விரலால் கூடத் தொடவில்லை. வந்தால் எடுத்துக்கொண்டு போகலாம்.

அத்தைக்கு என் வணக்கம். தங்கள் கையும் சிவப்பு மையும் நீடு வாழ, எங்கள் வீட்டில் அடுப்பெரிய, கடவுள் ஞாயிற்றுக்கிழமைக்குள் அருள் செய்ய வேண்டுகிறேன்.

கவலையுடன்,
லோ. பச்சையம்மா

பின்குறிப்பு: வெள்ளி காலை, ஒன்பது மணி. தபாலில் போடுவதற்காகக் கிளம்பும்போது முதலாளியே வந்துவிட்டார்! மனைவியை நெல்லூரில் விட்டுவிட்டு, ஆலையில் ஏதோ வேலை என்று முன்னதாகவே ரயிலேறிவிட்டாராம். காரில் ஏறினார், செருப்பைக் கழற்றினார், வெறுந்தகட்டில் கால் பட்டதும் "மேட்டு எங்கடா, லோகநாதா?" என்றார். நைனா ஸ்டீயரிங்கை இறுகப் பிடித்துக்கொண்டார். முதலாளி மூக்கை உறிஞ்சினார். இன்னொரு முறை உறிஞ்சினார். தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தார். பிறகு மெதுவாக, "எறாவா?" என்றார். நைனா எல்லாவற்றையும் சொல்லிவிட்டார், எருமை உட்பட. முதலாளி, "அதெல்லாம் அப்பறம். மீதி எறா எங்க?" என்றார்.

கல்யாணமாகி இருபத்திரண்டு வருடங்களாக அவர் எறா சாப்பிடவில்லையாம், மாமா! இன்று வெள்ளிக்கிழமை ஆயிற்றே என்று அம்மா தயங்கினார். "வெள்ளிக்கெழம எங்க ஊட்லம்மா. உங்க ஊட்ல இன்னா கெழம?" என்றார். எங்கள் வீட்டில் தரையில் உட்கார்ந்து, பழைய சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளத் தொடங்கி, ஜாடியைக் கவிழ்த்துத் தட்டிவிட்டுத்தான் எழுந்தார். தங்கள் தொக்கு தீர்ந்துவிட்டது. அம்மா மிகவும் வருத்தப்பட்டார், ஆனால் சிரித்துக்கொண்டே வருத்தப்பட்டார். மேட்டைப் பற்றி மனைவி கேட்டால் எலி கடித்தது என்று முதலாளியே சொல்லிக்கொள்வாராம். ஆகவே மேட்டு வேண்டாம், மாமா. நூலைத் தூக்கி எறிந்துவிடவும்.

ஆனால் இனிமேல் செவ்வாய்க்கிழமைதோறும் நைனா பிரேக் பார்க்கப் பழவேற்காடு போக வேண்டுமாம். மீதி மூன்று மேட்டுகள் இருக்கின்றன, எருமையும் இருக்கிறது. எனவே தயவுசெய்து உடனே இரண்டு பாட்டில் வாங்கி அனுப்பவும். கடையில் காடி என்று கேட்காதீர்கள், மாமா. வினிகர் என்றே கேளுங்கள்.