கட்டைவிரலுக்கு வலிக்கவில்லை

பெண்கள் முன்னேற வேண்டும் என்று தொண்ணூற்று மூன்றாம் ஆண்டு தை மாதம் முடிவு செய்யப்பட்டது. யார் முடிவு செய்தார்கள் என்று எனக்குத் தெரியாது. எங்களுக்கு நகல் மட்டும்தான் வந்தது. நடந்து முன்னேறினால் நேரமாகும், ஆகவே சைக்கிளில் முன்னேறட்டும் என்று அந்த நகலில் கண்டிருந்தது. அதன்படி கள்ளக்குறிச்சியில் இருந்த எங்கள் அலுவலகத்து வாசலில் பன்னிரண்டு லேடீஸ் சைக்கிள்கள் லாரியில் வந்து இறங்கின.

நான் அந்த அலுவலகத்தின் தட்டச்சர், பெயர் பூமாலை. இந்தக் கதையில் வரும் எல்லாக் கடிதங்களையும் தட்டியவன் நான்தான். பிறகு யாரும் என்னைக் கேட்கக் கூடாது என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

சைக்கிள்களைப் பூட்டி முறுக்கியவர் லாரியோடு வந்த ஓர் ஆறடி ஆள். முதல் சைக்கிளின் சீட்டைத் தன் உயரத்துக்கு வைத்து ஏறிப் பார்த்தார். சரியாக இருந்தது. மீதிப் பதினொன்றையும் அதேபோல் முறுக்கிவிட்டு ஊருக்குப் போய்விட்டார். சீட் என்பது ஓர் ஒடுங்கலான இரும்புத் தகடு, அதன்மேல் பேருக்கு ஒரு தோல். அதன் மூக்கு கல்வராயன் மலையைப் பார்த்து நிமிர்ந்து நின்றது.

எங்கள் அதிகாரி சுப்புராயன் முன்யோசனை உள்ளவர். சீட் களவு போகும் என்று அவருக்குத் தோன்றியது. சீட்டுக்குக் கீழே உள்ள நட்டில் சிவப்புப் பெயிண்ட் பூசச் சொன்னார். பெயிண்ட் உடைந்திருந்தால் அரசு உடைமையில் கை வைத்ததாகப் பொருள். அவர் ஜீப்பில் போகிறவர். ஜீப் சீட்டில் பெயிண்ட் கிடையாது.

சைக்கிள் வாங்கிய பன்னிரண்டு பெண்களில் வடக்கனந்தல் ராஜாம்பாள் ஒருத்தி. இருபத்திரண்டு வயது, பத்தாவது வரை படிப்பு. அவள் அம்மா கரும்பு வெட்டப் போகிறவள். அந்த வீட்டில் மாதச் சம்பளம் என்ற ஒன்றை அதுவரை யாரும் பார்த்ததில்லை. வேலை இதுதான்: மலையடிவாரம் வரை ஆறு ஊர்களுக்குப் போய்க் குழந்தைகளை எடை போட வேண்டும், பேதி கண்டால் உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீர் எப்படிக் கொடுப்பது என்று தாய்மார்களுக்குச் சொல்லித்தர வேண்டும். போக வர இருபத்தாறு கிலோமீட்டர். கரும்பு டிராக்டர்கள் அந்த ரோட்டைச் சல்லிசல்லியாகப் பெயர்த்து வைத்திருந்தன. ஆறு மாதம் விடாமல் சுற்றினால் வேலை நிரந்தரம். தொடர்ந்து மூன்று நாள் போகவில்லை என்றால் சைக்கிளை ஒப்படைத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம்.

மூன்றாவது வாரம் திங்கட்கிழமை, சைக்கிள் தணிக்கை நாளில், அவள் அதிகாரியின் அறைக்குள் வந்து நின்றாள்.

"உக்காரும்மா" என்றார் சுப்புராயன்.

"இருக்கட்டுங்க சார்."

"பரவாயில்ல, உக்காரு."

"நிக்கறேங்க."

சுப்புராயன் மனம் குளிர்ந்துபோனார். பக்கத்தில் இருந்த தலைமை எழுத்தர் தனசேகரனைப் பார்த்து, "பாத்தீங்களா, இந்தக் காலத்துலயும் மரியாதை தெரிஞ்ச பொண்ணுங்க இருக்காங்க" என்றார்.

"மரியாதைல்லாம் இல்லீங்க சார்" என்றாள் ராஜாம்பாள். "அந்த சீட்டு ஒத்துக்கலீங்க. புண்ணாயிடுச்சி."

"எங்கே?"

கொஞ்ச நேரத்தில் அவருக்கே விளங்கிவிட்டது. விளங்கியதும் தலையை உயர்த்தி மின்விசிறியைப் பார்க்க ஆரம்பித்தார்.

"பழகினா சரியாப் போயிடும்மா" என்றார் மின்விசிறியிடம். "படிக்கிற காலத்துல நான்கூட சைக்கிள்தான்."

"எம்மாந் தூரம் போவீங்க சார்?"

"தெருக்கோடி வரைக்கும்."

அன்று சாயங்காலம் ராஜாம்பாள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வடக்கனந்தலில் கண்ணாயிரத்தின் சைக்கிள் கடைக்குப் போனாள். கண்ணாயிரம் சீட்டைப் பார்த்தார், அவள் உயரத்தைப் பார்த்தார், ஸ்பானரை எடுத்தார்.

"இது இன்னாம்மா, ஆம்பள ஒயரத்துக்கு வச்சிக்கிறான். பெடல மெறிக்கச் சொல்லோ நீ ரெண்டு பக்கமும் அசஞ்சிக்கினே போவ. தோலு உரியாம இன்னா பண்ணும்?"

சீட்டை நான்கு விரல் இறக்கினார். மூக்கை மட்டமாக்கினார். அதுவும் போதாது என்று தோன்றியதால் பரணில் கிடந்த அகலமான பழைய ஸ்பிரிங் சீட் ஒன்றைத் துடைத்து மாட்டிவிட்டார். உள்ளேயிருந்து அவர் மனைவி தைலம்மாள் வந்து, அவரைக் கொஞ்சம் தள்ளிப் போகச் சொல்லிவிட்டு மிச்சத்தைச் சொன்னாள்.

"பொடவைய பின்னால மூட்டையா சொருவிக்கினு உக்காராத. அந்த மடிப்பு அழுத்திதான் பாதிப் புண்ணு. வேர்வத் துணிய வூட்டுக்குப் போன ஒடனே மாத்திடு. நல்லாக் கழுவி, ஈரம் போவத் தொடச்சிட்டு, தேங்கா எண்ண தடவு. ஆற வரைக்கும் ஏறாத. அப்பாலயும் வலிச்சா ஆஸ்பத்திரில காட்டு, வெக்கப்பட்டுக்கினு வூட்டுல கெடக்காத."

மொத்தம் பத்து நிமிடம் ஆயிற்று. அரசாங்கம் அதற்கு அப்புறம் நான்கு மாதம் செய்ததையும் இதையும் ஒப்பிட்டுப் பார்க்கக் கூடாது. கண்ணாயிரத்துக்கு மேலிடம் கிடையாது.

அடுத்த திங்கட்கிழமை தணிக்கையில் பெயிண்ட் உடைந்திருப்பது தெரிந்துவிட்டது. நான் மெமோ தட்டினேன். அரசு இருக்கையை உடனே பழைய நிலையில் பொருத்த வேண்டும், மாற்றம் தேவையெனில் உரிய வழியில் மனுச் செய்ய வேண்டும் என்று அதில் இருந்தது. ராஜாம்பாள் மனுச் செய்தாள்.

தனசேகரன் மனுவை இரண்டு முறை படித்தார்.

"புண்ணுன்னு எழுதியிருக்க. எந்த எடம்னு எழுதலியே?"

"எழுதினா நீங்க படிப்பீங்களே சார்."

"நான் படிக்கணும், ஆபீஸர் படிக்கணும், மேல ஏழு பேர் படிக்கணும்."

"அதாங்க எழுதல."

தனசேகரன் முப்பது வருட அனுபவசாலி. யோசித்துவிட்டு என்னிடம், "மனுதாரரின் மேற்படி பகுதியில் புண் ஏற்பட்டுள்ளதால், அப்படின்னு அடிங்க பூமாலை" என்றார். அடித்தேன். பதினெட்டு நாள் கழித்து மேலிடத்திலிருந்து பதில் வந்தது. மேற்படி என்று சொல்லப்பட்டுள்ள பகுதி கடிதத்தில் மேலே எங்கும் சொல்லப்படவில்லை, தெளிவுபடுத்துக. நாங்கள், மேற்படி பகுதியை மேற்படியாகவே கொள்ளலாம் என்று தெளிவுபடுத்தினோம். தெளிவு ஏற்கப்பட்டது. மூவர் குழு அமைக்க உத்தரவாயிற்று.

இதற்கிடையில் மெமோவின்படி அரசு சீட்டே திரும்ப ஏறியிருந்ததால் ராஜாம்பாளால் அதில் உட்கார முடியவில்லை. வீட்டில் இருந்தால் வேலை போய்விடும். ஆணையில் "சைக்கிளுடன் செல்ல வேண்டும்" என்றுதான் இருந்தது, ஏறிச் செல்ல வேண்டும் என்று இல்லை. எனவே இருபத்தாறு கிலோமீட்டரும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே நடந்தாள். வெயில் ஏறுவதற்குள் நான்கு ஊர்தான் முடிந்தது.

"இன்னா கண்ணு, பஞ்சரா?" என்று வழியில் களையெடுக்கும் பெண்கள் கேட்டார்கள்.

"ஆமாக்கா."

"தெனமுமா பஞ்சராவும்?"

அவளுக்கு அழுகை வந்தது. அழுவதற்கு எங்காவது உட்கார வேண்டும், அது முடியாததால் நடந்துகொண்டே அழுதாள். இதை அவள் பிற்பாடு என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மூவர் குழு ஒரு புதன்கிழமை கூடியது. சுப்புராயன், தனசேகரன், வெளியிலிருந்து வரவழைத்த ஒரு பொறியாளர். சீட் கழற்றப்பட்டு, மேசைமேல் செய்தித்தாள் விரித்து அதன்மேல் வைக்கப்பட்டது. பொறியாளர் நீளம் அளந்தார், அகலம் அளந்தார். ராஜாம்பாள் வராந்தாவில் நின்றுகொண்டிருந்தாள்.

"அந்தப் பொண்ணைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேக்கலாமே" என்றார் பொறியாளர்.

"கேட்டா சொல்லிடுவா" என்றார் சுப்புராயன்.

அதில் இருந்த அபாயம் மூவருக்கும் புரிந்தது. விவாதத்துக்குப் பிறகு, குழு உறுப்பினர் ஒவ்வொருவரும் தம் வலது கட்டைவிரலால் சீட்டை ஒரு நிமிடம் அழுத்திப் பார்ப்பது என்று முடிவாயிற்று. அழுத்தினார்கள். நான் குறிப்பெடுத்தேன். "மேற்படி இருக்கையால் குழுவினரின் கட்டைவிரலுக்கு வலியோ, எரிச்சலோ, தோல் உரிதலோ ஏற்படவில்லை."

மேலிடத்தில் புத்திசாலி ஒருவர் இருந்திருக்கிறார். கட்டைவிரல் போதாது, பொறுப்புள்ள அலுவலர் ஒருவர் அமர்ந்து பார்த்து அறிக்கை தர வேண்டும் என்று எழுதிவிட்டார். சைக்கிளில் அமர்ந்தால் பொதுமக்கள் பார்ப்பார்கள் என்பதால், சீட்டைச் சுப்புராயனின் நாற்காலியில் சணல் கயிற்றால் கட்டினோம். அவர் அதன்மேல் அமர்ந்து தபால் பார்க்க ஆரம்பித்தார். மூன்றாவது நிமிடம் சாய்ந்து உட்கார்ந்தார். ஏழாவது நிமிடம் மறுபக்கம் சாய்ந்தார். பதினோராவது நிமிடம் எழுந்து நின்றார். அன்று முழுவதும் நின்றுகொண்டே கையெழுத்துப் போட்டார்.

அந்த அறிக்கையை எழுதியபோது அவர் கண்ணில் நீர் இருந்ததைப் பார்த்தேன். அரசுப் பணியாளர்கள் அமர்வதில் இவ்வளவு துன்பம் இருப்பது இதுவரை கவனத்துக்கு வராதது வருந்தத்தக்கது என்று எழுதினார். அறிக்கை பறந்தது. ஒன்பதே நாளில் ஆணை வந்தது. அலுவலகத்தில் உள்ள எல்லா நாற்காலிகளுக்கும் நான்கு அங்குல ரப்பர் மெத்தை. சைக்கிள் சீட் விஷயம் தனியே பரிசீலனையில் உள்ளது.

எனக்கும் ஒரு மெத்தை வந்தது, பச்சை நிற உறையோடு.

ராஜாம்பாள் அதற்கு மேல் காத்திருக்கவில்லை. கண்ணாயிரத்திடம் போனாள். திங்கட்கிழமைதானே தணிக்கை? திங்கள் சாயங்காலம் அரசு சீட்டைக் கழற்றி, அகல சீட்டை மாட்டி உயரம் சரி செய்வது. ஞாயிறு சாயங்காலம் பழையபடி மாட்டி, நட்டில் புதுப் பெயிண்ட் பூசுவது. எங்கள் அலுவலகத்துக்குப் பெயிண்ட் வாங்கிய அதே கடையில் கண்ணாயிரமும் ஒரு டப்பா வாங்கி வைத்தார். மாதம் முடிவதற்குள் பன்னிரண்டு பேரும் வந்து சேர்ந்தார்கள். வாரத்தில் ஆறு நாள் அரசாங்கத்தின் பன்னிரண்டு சீட்டுகளும் அவர் கடையில் ஒரே கயிற்றில் தொங்கின. புண் ஆறிற்று. ஆறு ஊர்க் குழந்தைகளும் நேரத்துக்கு எடை போடப்பட்டன. எனக்கு எல்லாம் தெரியும். நான் யாரிடமும் சொல்லவில்லை.

ஆறாவது மாதம் படிவம் வந்தது. கடைசி வரி: "இருக்கையால் சிரமம்: உண்டு / இல்லை."

ராஜாம்பாள் பேனாவைத் திறந்துவைத்துக்கொண்டு என் மேசைக்கு முன்னால் வெகுநேரம் நின்றாள்.

"உண்டுன்னு எழுதினா இன்னா சார் ஆவும்?"

"கோப்பு முடியற வரைக்கும் நிரந்தரம் ஆகாது."

"எப்ப முடியும்?"

நான் மெத்தையில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தேன். "இல்லைன்னு எழுதும்மா. இப்பதான் உனக்குச் சிரமம் இல்லியே."

அது பொய்யில்லை. அவள் எழுதினாள். பன்னிரண்டு பேரும் எழுதினார்கள், பன்னிரண்டு பேரும் நிரந்தரம் ஆனார்கள். அன்று அவள் அம்மா வந்து என் மேசைமேல் ஒரு முழுக் கரும்பு வைத்துவிட்டுப் போனாள்.

நான்கு மாதம் கழித்து மேலிடத்திலிருந்து பாராட்டுக் கடிதம் வந்தது. பன்னிரண்டு பெண்கள், ஆறு மாதம், கரும்பு டிராக்டர் ஓடும் ரோடு, பன்னிரண்டு படிவத்திலும் ஒரு புகார்கூட இல்லை. ஆகவே மேற்படி இருக்கை பெண்களுக்கு மிகவும் ஏற்றது என்பது கள ஆய்வில் நிரூபணமாகிவிட்டது. இனி எல்லா மாவட்டத்துப் பெண் பணியாளர்களுக்கும் இதே இருக்கை, இதே உயரத்தில் வழங்கப்படும். யாரும் மாற்றத் தேவையில்லை என்று தெரிந்துவிட்டதால் நட்டு வேண்டாம், வெல்டிங் வைத்துவிடுக.

புதிய சைக்கிள்கள் வந்தன. மலையிலிருந்தும் சங்கராபுரம் பக்கமிருந்தும் நாற்பது பெண்கள் பயிற்சிக்கு வந்தார்கள். "சைக்கிளில் சுகமாகச் செல்வது எப்படி" என்று துணிப் பதாகை கட்டினோம். பயிற்சி கொடுக்க முன்மாதிரிப் பணியாளர் ராஜாம்பாளை அழைத்திருந்தோம். புடவையை மூட்டையாகச் சொருகாதே, ஈரத்துணியோடு இருக்காதே என்று தைலம்மாள் சொன்னதையெல்லாம் அவள் ஒன்றுவிடாமல் சொன்னாள். சீட்டைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

வெள்ளிமலை சாலம்மாள் என்ற பெண் மட்டும் கடைசி வரை உட்காரவே இல்லை. அவளுக்குச் சைக்கிள் கொடுத்து மூன்று வாரம் ஆகியிருந்தது. வாசலில் நின்ற சுப்புராயன் அவளைப் பார்த்துவிட்டு, "மரியாதை தெரிஞ்ச பொண்ணு" என்றார்.

சாலம்மாள் கேட்டாள். "அக்கா, என்னால அந்த சீட்டுல உக்காரவே முடியல. நீ எப்படிக்கா ஆறு மாசம் உக்காந்த?"

ராஜாம்பாள் வெளியே வரிசையாக நின்ற சைக்கிள்களைப் பார்த்தாள். வெல்டிங் வைத்த இடம் வெயிலில் பளபளத்தது. அதைக் கண்ணாயிரத்தின் ஸ்பானர் ஒன்றும் செய்ய முடியாது. அவள் சுப்புராயனைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். பயிற்சிக் குறிப்புத் தட்ட உட்கார்ந்திருந்த நான் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பழகினா சரியாப் போயிடும்மா" என்றாள் ராஜாம்பாள்.

நான் அதையும் தட்டினேன். மெத்தை கொஞ்சம் அமுங்கிப் போயிருந்தது. புதியது கேட்டு அன்றே மனுப் போட்டேன், ஒன்பதாம் நாள் வந்துவிட்டது.